சாம்பல்கோட்டையின் கடைசிப் பக்கம்

எல்லப்பனுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதுவும் விரலை வைத்து, உதட்டை அசைத்து. ஆனாலும் 'சாம்பல்கோட்டை' படக்கதையை இன்னொருத்தர் படித்துச் சொல்ல விட்டதில்லை. சொல்கிறவன் பாதியை முழுங்குவான், மீதியில் பொய்யைக் கலப்பான். மனுஷர்களைப் பற்றிக் கிழவருக்கு அவ்வளவுதான் எண்ணம்.

மாதம் பிறந்தால் செங்கல் சூளை மண் சட்டையோடு ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஏறிவிடுவார். அங்கே சுப்பராயன் சலூனில் அந்தப் புத்தகம் வாங்கிப் போடுவார்கள். கதையில் ஜமீன் வீட்டு மருமகள் செங்கமலத்தைப் புருஷன் ஜமீந்தாரும் அவன் ஆட்களும் சேர்ந்து கொளுத்திவிடுகிறார்கள். அவள் பேயாக வந்து மாதம் ஒருத்தனைத் தீர்க்கிறாள். பூசாரி போனான். கணக்கப்பிள்ளை போனான். குடல் சரிந்து கிடக்கும், கண் பிதுங்கித் தொங்கும். பார்த்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. எல்லப்பன் மூஞ்சியைச் சுளித்துக்கொண்டே ஒரு கட்டம் விடாமல் பார்ப்பார். மிச்சம் ஜமீந்தார்தான். இந்த மாதம் கடைசி இதழ்.

அவர் தங்கை கிளியம்மாளும் எரிந்துதான் செத்தாள். ஸ்டவ் வெடித்தது என்றான் அவள் புருஷன் பாண்டுரங்கன். ஸ்டேஷனிலும் அப்படியே எழுதிக்கொண்டார்கள். அந்த ஸ்டவ்வை எல்லப்பன் கண்ணால் பார்த்தவர். ஒரு நெளிசல் இல்லை. சொல்லிப் பார்த்தார்; யார் கேட்டது? பாண்டுரங்கன் இஸ்திரி போட்ட சட்டையில் கடைத்தெருவைச் சுற்றிக்கொண்டிருக்கிறான். அந்த ஜமீந்தாராவது அழியட்டும், ஒருத்தன் அழிவதையாவது கண்ணால் பார்ப்போம் என்றுதான் கிழவர் காத்துக் கிடந்தார்.

அன்றைக்குச் சலூனுக்குள் காலை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். நாற்காலியில் பாண்டுரங்கன். ஒரு கன்னம் மழித்தாகிவிட்டது, மறு கன்னத்தில் நுரை.

"வா மச்சான்" என்றான், நேற்றுப் பார்த்துப் பிரிந்தவன் மாதிரி.

எல்லப்பன் பெஞ்சில் கிடந்த புத்தகத்தை எடுத்து விரலை ஓட்டினார். செங்கமலத்தின் கருகிய கை ஜமீந்தார் கழுத்துக்குப் போகிறது. பக்கத்தைத் திருப்பினால் கூந்தல் தைல விளம்பரம். அதற்கு அப்புறம் கிழிந்த ஓரம்.

"சுப்பராயா, இதுல ஒரு தாள் எங்கடா?"

"அய்யய்யோ! தைல விளம்பரம் வந்துச்சா, கதை முடிஞ்சிப் போச்சின்னு கிழிச்சிட்டேண்ணே, கத்தி தொடைக்க." சுப்பராயன் தகர டப்பாவைக் காட்டினான். "ஏண்ணே, அதுல போய் கைய வுடுற!"

எல்லப்பன் கையை விட்டுவிட்டார். கொழகொழவென்று நுரை, அதில் பொடிப்பொடியாக நரைமயிர். அவன் மூஞ்சி மயிர். தாளை எடுத்து, வேட்டியில் ஒற்றி, முழங்கால் மேல் விரித்தார்.

"நானும் மாசாமாசம் படிக்கிறேன்" என்றான் பாண்டுரங்கன், கண்ணாடியைப் பார்த்தபடி. "பொம்பளதானே மச்சான். கடசீல மனசு எறங்கி மன்னிச்சி வுட்டுடுவா. வேணா பாரு."

எல்லப்பன் கூட்டிக் கூட்டிப் படித்தார். ஜமீந்தார் காலில் விழுந்து அழுகிறான். அவள் தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். 'என்ன இருந்தாலும் நீங்கள் என் கணவர். சுமங்கலியாகவே போகிறேன்.' பூ மழை. ஒளி. முற்றும்.

மறுபடி படித்தார். அதேதான் இருந்தது. மயிரும் நுரையும் ஒரு பொருட்டாகவே தெரியவில்லை இப்போது. எவன் எழுதினான் இதை? எரிந்தவள் வாயில் இதை எப்படி வைத்தான்? வாசலுக்குப் போய்க் காறித் துப்பினார். கையிலிருந்த தாளைக் கசக்கிச் சாக்கடையில் எறிந்து, அது கறுப்புத் தண்ணீரில் முழுகும்வரை நின்றார்.

"இன்னாண்ணே ஆச்சி?" என்றான் சுப்பராயன்.

"கொளுத்திட்டா."

"மெய்யாலுமா?"

"ஒரேயடியா இல்ல. மொதல்ல கைய. தாலி கட்ன கைய. வெரல் வெரலா. அவன் கத்தறான், வூட்டுல இருந்தவன் ஒருத்தனும் வரல. அப்புறம் மூஞ்சி."

போர்த்தியிருந்த வெள்ளைத் துணிக்கடியில் பாண்டுரங்கனின் கை நகர்ந்தது. "கால்ல வுழலியா அவன்?"

"வுழுந்தான்."

"அப்பவுமா?"

"காலக் கட்டிக்கினு அழுதான். அழ அழத்தான் கொளுத்தினா."

சுப்பராயன் கத்தியைத் தோல்வாரில் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுக் குனிந்தான்.

"ஆடாதீங்க சார்" என்றான். "கத்தி கழுத்தாண்ட கீது."

பாண்டுரங்கன் ஆடிக்கொண்டேதான் இருந்தான்.