பத்து விரல்

பெட்டியில் கிடத்தியிருந்த அப்பா ராஜையனின் வலது கைக்கு வெள்ளைக் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தான் ஷாஜன். அது பாதியிலேயே நின்றுவிட்டது. அவர் விரலிடுக்கெல்லாம் ரப்பர்ப் பால் உலர்ந்து ஒட்டிக் கிடந்தது. நேற்றுக் காலை கீரிப்பாறைப் பக்கத்துத் தோட்டத்தில், பால் வெட்டிக்கொண்டிருந்த மரத்தடியிலேயே மனுஷன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார்.

ஷாஜன் பாலை நகத்தால் சுரண்டினான்.

“லேய் மக்கா, கையை எடு!” கூட்டாளி சுபின் பதறிக்கொண்டு ஓடிவந்தான். “நாளைக்கு ஒம்பது மணிக்கு திருவனந்தபுரத்துல ரேகை எடுக்கணும், மறந்துட்டியா?”

“நான் வரல்ல. நீ போ.”

போலந்துக்குச் சேர்ந்து போவதென்று இருவரும் மூன்று வருஷமாகக் கனவு கண்டுகொண்டிருந்தார்கள். போன மாதம் விசா ஆபீஸ் மிஷின் இரண்டு பேர் விரலையும் ஏற்கவில்லை. ரப்பர்ப் பாலும் அதை உறையவைக்கும் ஆசிட்டும் தின்ற வெட்டுக்காரன் விரலில் ரேகை எங்கே இருக்கும்? ஒரு மாதம் வேலை செய்யாமல் இருந்தால் தேறிவிடும் என்றார் ஏஜென்ட். நாளையும் தவறினால் வேலைக் கடிதமே செல்லாது. சுபின் தன் அத்தானின் கடையில் போய் உட்கார்ந்துகொண்டான். ஷாஜனுக்குப் பதிலாக, ரப்பர் வெட்டை விட்டு ஆறு வருஷமான ராஜையன் கத்தியைத் தூக்கினார். “நீ சும்மா இரிலே, நான் பாத்துக்கிடுதேன்” என்றார். நாசமாய்ப் போன விரல்!

“அப்பாவக் கொன்னுட்டுப் போக எனக்கு மனசில்ல. நாளைக்கு நான் வெட்டுக்குப் போறேன்” என்றான் ஷாஜன்.

லீலாபாய் மகனை விலக்கிவிட்டு உட்கார்ந்தாள். துணியில் எண்ணெயைத் தொட்டுப் புருஷனின் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக் கையுறையை மாட்டினாள்.

நாலு மணிக்குக் கல்லறைத் தோட்டத்தில் போதகர் ஜெபத்தை முடித்தார். “மவன் மண்ணு போடு” என்றார் பெரியப்பா.

ஷாஜன் குனிந்தான். விரல் மண்ணில் படுவதற்குள் அம்மா மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். அப்படியொரு பிடி!

“நீ தொடாத.”

கூட்டம் சலசலத்தது. பெரியப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “என்ன கூத்து இது லீலா? பெத்த அப்பனுக்கு ஒரு பிடி மண்ணு போடப்படாதா?”

“இந்த விரலுக்கு வேண்டியாக்கும் அவரு வெட்டப் போனது.”

சுபின் தலைகுனிந்துகொண்டான்.

லீலாபாய் ஒரு பிடி மண்ணை அள்ளிப் போட்டாள். மறுபடி குனிந்து இன்னொரு பிடி அள்ளினாள்.

“இது ஷாஜனுக்கு” என்றாள்.

மண் பெட்டிமேல் விழுந்தது. ஷாஜன் இரண்டு கையையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான்.