இழுத்துப் பேசுகிறவள்

மைக் முன்னால் உட்கார்ந்துவிட்டால் அவள் குரல் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி ஆகிவிடும். ஒரு சுருக்கம் இருக்காது. ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராகச் சேர்ந்து ஐந்து மாதம். செங்கல் சூளையில் கல் அறுப்பவர் மகள் என்று அந்தக் குரலைக் கேட்டு யாரும் சொல்லிவிட முடியாது. சூளைப் பக்கத்து ஆட்கள் எதையும் இழுத்துத்தான் பேசுவார்கள். காயப்போட்ட கல் வரிசைகளுக்கு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கூப்பிட்டுப் பழகிய வாய். கல்லூரியில் அவளுக்கு 'ரப்பர்' என்று பெயர் வைத்தார்கள். அன்றிலிருந்து கண்ணாடி முன் நின்று ஒவ்வொரு சொல்லாக வெட்டிச் சுருக்கினாள். அம்மாவுக்கு அதில் ஒரே சிரிப்பு. "ரேடியோ வந்தாச்சுஉ, சோறு போடுங்கஅ" என்பாள்.

அன்று சாயங்காலம் முதல் பிளாட்பாரத்தில் ஒரு சரக்கு வண்டி பழுதாகி நின்றுவிட்டது. சூளை ஆட்கள் வீடு திரும்பும் வண்டியை மூன்றாவதுக்கு மாற்றினார்கள். அதை விட்டால் மறுநாள் காலையில்தான். மூன்று முறை அறிவித்தாள். சுத்தமான உச்சரிப்பு, ஒரு எழுத்து பிசகவில்லை. மாடியில் இருந்த அவளுடைய கண்ணாடி அறையிலிருந்து பார்த்தால், முதல் பிளாட்பாரத்தில் நூறு பேர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அப்பா, யாருக்கோ ஏதோ கதை சொல்லிக்கொண்டு. மகளின் குரல் என்று தெரிந்தும் அவர் தலை திரும்பவில்லை. அந்தக் குரல் தன்னிடம் பேசும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

வண்டி உள்ளே நுழைந்துவிட்டது. அவள் மைக்கை வாயோடு சேர்த்துப் பிடித்தாள்.

"யப்பாஆ, சூளைக்காரங்களேஏ, வண்டி மூணுலேஏ நிக்குது. எந்திரிங்கஅ, ஓடுங்கஅ."

நூறு தலைகளும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. மேம்பாலம் அதிர ஓடினார்கள், ஓடிக்கொண்டே சிரித்தார்கள். கடைசியாக ஏறிய அப்பா, மூச்சு வாங்க வாசலில் நின்று, பக்கத்து ஆளிடம் கண்ணாடி அறையைக் கையால் காட்டினார்.

நிலைய அதிகாரி கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"இப்ப பேசினது யாரு?"

"நான்தான் சார்."

அவர் ஜன்னல் வழியாக வெறிச்சோடிய பிளாட்பாரத்தைப் பார்த்தார். "போன மாசம் இப்படி மாத்தினப்ப நாப்பது பேரு என் ரூம் வாசல்ல சண்டைக்கு நின்னாங்க. இன்னைக்கு ஒரு ஆள் இல்ல." கதவுப் பக்கம் திரும்பினார். "ஆனா மேலேருந்து கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும்."

"சொல்றேன் சாஆர்."

இழுபட்டது அவளுக்கே கேட்டது. திருத்தவில்லை. அதிகாரி மீசைக்குள் எதையோ அடக்கிக்கொண்டு வெளியே போனார்.

அடுத்த வண்டிக்கு நேரமாகிவிட்டது. எழுதிக்கொடுத்த அதே வாசகங்கள்தான். ஆனால் ஒவ்வொன்றின் கடைசியும் அதன் இஷ்டத்துக்கு நீண்டது. கீழே தரை துடைத்துக்கொண்டிருந்த பெண் வேலையை நிறுத்தினாள். துடைப்பானை இடுப்பில் சாய்த்து, மாடியில் நிற்கும் பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவதுபோல, ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்து ஏதோ கேட்டாள்.