பந்திக்குப் பிறகு ஒரு பை

ஷைலோபெக்கின் விருந்து மண்டபத்து அடுக்களையில், வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள் சாய்க்கால். கிர்கிஸ் தலைநகர் பிஷ்கேக்கில் சொகுசான வங்கி வேலையை உதறிவிட்டு வந்தவளுக்கு மண்டபக்காரர் ஷைலோபெக்தான் முதல் வாடிக்கையாளர். இன்றைய கல்யாண விருந்து ஒழுங்காக முடிந்தால் அவளுடைய நிரல் இங்கே தங்கும். இல்லாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

அந்த நிரலின் வேலை, முகவர்களைத் தானே வடிவமைப்பது. விருந்தாளிகளை எண்ண ஒரு முகவர், அடுப்புக்குச் சொல்ல ஒரு முகவர் என்று குட்டி நிரல்களை அதுவே உண்டாக்கும். நிலைமை மாறினால் அவற்றைப் பிரித்துப்போட்டு வேறு மாதிரி கட்டும். மனுஷர் கை வைக்கவே வேண்டாம் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தாள்.

இன்றைக்கு வசமாக மாட்டிக்கொண்டாள். மேசைகளுக்கு மேலும் அடுக்களை மூலையிலும் கேமராக்கள் இருந்தன. மேசைக் கேமராக்கள் தட்டு காலி, தட்டு காலி என்றே சொல்லிக்கொண்டிருந்தன. அடுப்பு முகவர் மேலும் மேலும் இறைச்சி கேட்டது.

ஷைலோபெக் கரண்டியும் கையுமாக வந்து நின்றார். "ஏம்மா தங்கச்சி, என் விருந்தாளிங்கள ஓநாய்க் கூட்டம்னு நெனச்சிடுச்சா உன் மிஷின்? இன்னும் ரெண்டு ஆடு அறுக்கச் சொல்லுது!"

"தட்டெல்லாம் காலியாகுதுண்ணே. பசின்னு நெனைக்குது."

"பசியா? மாப்பிள்ளையோட மாமா பெல்ட்டக் கழட்டி வச்சிட்டு மூச்சு வாங்கிட்டிருக்காரு! ஒரு டீ குடிக்கிற நேரம் தரேன். சரியாகலன்னா பொட்டிய மூடிட்டு நீயும் போய் பந்தில உக்காரு. கோவிச்சுக்கிட்டுப் போயிடாத."

இறைச்சி போதும் என்று ஒரு வரி தட்டிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் அடுத்த விருந்துக்கும் அவளே வந்து தட்ட வேண்டும். அப்புறம் என்ன தானியங்கி? எழுந்து கூடத்துக்குப் போனாள்.

பட்டுத் தலைக்குட்டை கட்டிய ஒரு அம்மாள், பக்கத்தில் இருப்பவளோடு ஊர்வம்பு பேசிக்கொண்டே, இறைச்சியையும் பொர்சோக் என்ற பொரித்த மாவுத் துண்டுகளையும் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த மேசையிலும் அதே வேலை. சாய்க்கால் தலையில் அடித்துக்கொண்டாள். அவள் கைப்பையிலேயே காலையில் அம்மா மடித்துத் திணித்த பை ஒன்று கிடந்தது. "கெஷிக் இல்லாம வாசப்படி மிதிக்காத" என்று மிரட்டித்தான் அனுப்பியிருந்தாள். விருந்திலிருந்து வீட்டாருக்கென்று எடுத்துப்போகும் பங்குதான் கெஷிக். பிறந்ததிலிருந்து பார்த்து வருவதால் நிரலிடம் சொல்லத் தோன்றவே இல்லை. மூச்சு விடுவதை யாராவது எழுதிவைப்பார்களா?

ஓடிவந்து நிரலுக்கு ஒன்றே ஒன்றுதான் சொல்லிக்கொடுத்தாள்: வாய்க்குப் போவது வேறு, பைக்குப் போவது வேறு, இரண்டிலும் குறை வரக்கூடாது. மற்றதை அதன் பொறுப்பில் விட்டுவிட்டு நகத்தைக் கடித்தாள்.

அது அடுப்பு முகவரைக் கலைத்தது. ஒரு மாதிரி கட்டிப் பார்த்தது, பிடிக்கவில்லை. இன்னொரு மாதிரி கட்டியது. கடைசியில் ஒன்றை இரண்டாக்கியது: சாப்பாட்டைக் கவனிக்க ஒன்று, பைகளுக்குப் பங்கு ஒதுக்க ஒன்று. திரையில் ஆணை வந்தது: 'அடுப்பை நிறுத்துங்கள். மேசைகளுக்குப் பைகளை அனுப்புங்கள்.'

பரிமாறுகிறவர்கள் பைகளோடு கூடத்துக்கு ஓடினார்கள்.

கூடத்தில் பட்டுத் தலைக்குட்டை அம்மாளின் குரல் கணீரென்று கேட்டது. "கேக்காமலே பை குடுக்கற மண்டபத்த இப்பதான்டி பாக்கறேன்! நம்ம பொண்ணு கல்யாணமும் இங்கதான்!"

ஷைலோபெக் அடுக்களைக்கு வந்தபோது வாயெல்லாம் பல். "பொட்டி இங்கயே இருக்கட்டும் தங்கச்சி."

அப்போது திரையில் இன்னொரு ஆணை வந்தது: 'அடுக்களை, வெங்காயக் கூடைப் பக்கம். ஒருவர். இன்னும் சாப்பிடவில்லை. ஒரு தட்டு, ஒரு பை.'

"நீதான சொல்லிக்குடுத்த?"

"சத்தியமா இல்லண்ணே!"

"பொய்யா இருந்தாலும் பரவால்ல, பிடி." நல்ல துண்டுகளாகப் பார்த்துப் பையை அவரே நிரப்பினார்.

அம்மா மடித்துத் தந்த பையை அவளுக்கு வெளியே எடுக்க வேண்டிய அவசியமே வரவில்லை.