கறுப்புக் கோட்டின் எட்டாவது முடிவு

என் கணவர் வீட்டில் பேசுகிற மொத்தப் பேச்சையும் ஒரு தீப்பெட்டிக்குள் போட்டு மூடிவிடலாம். ‘ம்’, ‘சரி’, ‘பாக்கலாம்’. என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் ‘இந்தா’. கல்யாணமான புதிதில், ‘இந்தா’ என்றதும் ஏதோ கொடுக்கப்போகிறார் என்று நம்பிக் கையை நீட்டியிருக்கிறேன்.

இத்தனைக்கும் அவருக்குப் பிழைப்பே குரல்தான். லிஃப்டில் ‘கதவுகள் மூடுகின்றன’ என்பது அவர். வங்கிக்குப் போன் போட்டால் ‘தயவுசெய்து காத்திருங்கள்’ என்பதும் அவர். எங்கள் படுக்கையறைத் துணி அலமாரிதான் அவருடைய ஸ்டூடியோ. துணிகள் எதிரொலியைக் குடித்துவிடுமாம். என் சட்டைகளையும் கம்பளிகளையும் இரண்டு பக்கமும் ஒதுக்கி, நடுவில் மைக்கை நிறுத்தி, குட்டி ஸ்டூலில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொள்வார். பெரும்பாலும் நான் வேலைக்குப் போன பிறகுதான் பதிவு நடக்கும். போன வருஷம் ஒருநாள், “ஒரு கேமுக்குப் பேசறேன்” என்றார். என்ன கேம் என்று கேட்டேன். “கதை மாதிரி.” குழந்தைகளுக்கு ஏதோ முயல், ஆமை என்று நினைத்து அத்தோடு விட்டுவிட்டேன்.

எனக்கு வேலை டென்டல் லேபில். பல் மருத்துவர்கள் அனுப்புகிற அச்சைப் பார்த்து மெழுகில் பல் செதுக்குவேன். பக்கத்து மேஜையில் சுருட்டை. தலைமுடியால் வந்த பெயர். அவள் பல்லுக்கு மெருகு போடுவாள். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், பிளாஸ்டர் டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு அவள் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். அதிலிருந்து ஒரு ஆண்குரல் வந்தது.

“இந்த வீட்டின் எல்லாச் சாவியும் என்னிடம்தான் இருக்கிறது. நீ போக வேண்டுமென்றால் என்னைக் கொன்றுவிட்டுப் போ. உன் கையால் என்றால் அதுவும் எனக்கு இனிப்புத்தான்.”

என் கையிலிருந்த மெழுகுக் கடைவாய்ப் பல் நழுவி மடியில் விழுந்தது. அது என் வீட்டுக்காரர்.

“யாருடி இது?” என்றேன்.

“இவன் பேரு கறுப்புக் கோட்டு, அக்கா. படு பாவி. ஆனா இந்தக் குரலுக்காகவே நான் அந்த வீட்டுல காலம் பூரா பூட்டிக் கிடப்பேன்.”

எங்கள் சூப்பர்வைசரம்மா, பேரன் எடுத்தவர், ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “இவ எனக்கும் இதைக் காட்டினா பாரு. முந்தாநாள்லேருந்து வீட்டுல அவர் பேசினாலே எரிச்சலா வருது.”

விளையாட்டு இவ்வளவுதான். படமும் எழுத்துமாகக் கதை வரும். ஒரு பெண் கறுப்புக் கோட்டு போட்டவனின் மாளிகைக்குள் மாட்டிக்கொள்கிறாள். நடுநடுவே நம்மைக் கேட்கும்: ஓடுவதா, ஒளிவதா, அவன் நீட்டுகிற கோப்பையைக் குடிப்பதா? நாம் எதைத் தொடுகிறோமோ அதன்படி கதை திரும்பி ஒரு முடிவுக்குப் போகும். மொத்தம் எட்டு முடிவுகள். முதல் ஏழு முடிவுகளையும் பார்த்தவர்களுக்குத்தான் எட்டாவதின் பூட்டு திறக்கும்.

“அவர் என் கணவர்” என்று நான் சொல்லவில்லை. சொன்னால் போனில் பேசச் சொல்லி உயிரை எடுப்பார்கள். அதைவிட, ‘வீட்டுலயும் இப்படித்தான் பேசுவாராக்கா?’ என்று கேட்பார்கள். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

“இன்னிக்கு லேபுல ரொம்ப வேலை” என்றேன்.

“ம்” என்றார்.

அந்தக் கேமை நானும் போனில் ஏற்றிக்கொண்டேன். முதலில் பெயர் கேட்டது. என் பெயரை அடித்தேன். அங்கேதான் முதல் முள் குத்தியது. எழுத்தில் ‘என்னைப் பார்’ என்பதற்கு முன்னால் என் பெயர் வருகிறது. குரலில் வரவில்லை. விளையாடுகிறவள் ஒவ்வொருத்திக்கும் ஒரு பெயர் என்றால் அத்தனையையும் யார் பேசுவது? அதனால் அந்த இடத்தில் அவர் நிறுத்திவிடுகிறார். ஒரு சின்ன மூச்சு, ஒரு இடைவெளி, அப்புறம், “என்னைப் பார்.”

அந்த இடைவெளிதான் என்னை உயிரோடு தின்றது. காலியான இடைவெளி என்றால் கேட்டாலே தெரியும். இது காலியாக இல்லை. உள்ளே யாரோ ஒருத்தி இருந்தாள். அவளை மனதில் வைத்துக்கொண்டுதான் அந்த மூச்சு அப்படி இறங்குகிறது. யார் அவள்?

சந்தேகப்பட எனக்கு ஆள் தயாராக இருந்தாள். பதிவு நடக்கும்போது வேறொரு ஊரிலிருந்து ஹெட்போன் வழியாக அவருக்குச் சொல்லிக்கொடுக்கிற டைரக்டர். ‘மேடம்’ என்பார். அந்த மேடத்தின் போன் வந்தால் மனிதர் சிரிப்பார். பல் தெரியச் சிரிப்பார். பல்லோடு காலம் தள்ளுகிறவள் நான், எனக்கு அந்தப் பல்லை இவ்வளவு தூரம் காட்டியது கிடையாது.

பஸ்ஸில், மாடிப்படியில், குளியலறையில் என்று விளையாடினேன். கோப்பையைக் குடித்துச் செத்தேன். மாளிகைக்குத் தீ வைத்தேன். அவனையே கட்டிக்கொண்டு ஜன்னல் இல்லாத அறையில் கிழவியானேன். ஒரு முடிவில் மாடியிலிருந்து அவனைத் தள்ளிவிட்டேன். அன்றைக்கு மட்டும் நன்றாகத் தூக்கம் வந்தது. ஆனால் தள்ளிவிட்ட பிறகும், விழுந்து கிடந்தபடி, அந்தப் பாவி “உன் கைச்சூடு என் மார்பில் இன்னும் இருக்கிறது” என்கிறான். இதை உலகத்தில் உள்ள முகம் தெரியாத பெண்களுக்கெல்லாம் சொல்கிறவர், எனக்குக் காய்ச்சல் வந்தபோது மாத்திரையை மேஜையில் வைத்துவிட்டு “போட்டுக்க” என்றார்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன். “ஏங்க, ‘என் உயிரே நீதான்’னு ஒரு தடவை சொல்லுங்களேன்.”

அவர் செய்தித்தாளைத் தாழ்த்தினார். “எதுக்கு? யாராவது கேட்டாங்களா?”

ஏழாவது முடிவை நான் முடிக்கிறதற்குள் சுருட்டை எட்டாவதைத் திறந்துவிட்டாள். கண் வீங்கி வேலைக்கு வந்தாள். பல்லுக்கு மெருகு போடும்போதே மூக்கை உறிஞ்சினாள்.

“என்னடி ஆச்சு எட்டாவதுல?”

“சொல்ல மாட்டேங்கா. நீங்களே பாருங்க. ஒரே ஒரு வார்த்தைதான் சொல்றான். இவ்வளவு நாளா அவன் பேசின பேச்செல்லாம் அதுக்கு முன்னாடி தூசி.” ஒரு பல்லை எடுத்து விளக்கில் பார்த்துவிட்டு, “அப்படி ஒரு வார்த்தையை வாழ்க்கையில ஒருத்தன் நம்மகிட்ட சொல்லிட்டாப் போதும்கா” என்றாள்.

இடைவெளிக்குள் இருக்கிறவளுடைய பெயர்தான் அந்த ஒரு வார்த்தை என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன். கடைசி முடிவில் அவர் வாய் தவறிச் சொல்லியிருப்பார், அதையே அழகு என்று விட்டுவைத்திருப்பாள் அந்த மேடம். பெயர் மட்டும் தெரியட்டும், இந்த ஞாயிற்றுக்கிழமையே பெட்டியைக் கட்டுவது என்று தீர்மானித்தேன்.

அதற்குள் ஏழாவதை முடித்திருந்தேன். ஞாயிறு மத்தியானம் அவர் கடைக்குப் போனார். அவருடைய நல்ல ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். எட்டாவதில் கறுப்புக் கோட்டு எல்லாச் சாவியையும் அவளிடம் கொடுத்து, போகச் சொல்லிவிடுகிறான். அவள் வெளியே போகிறாள். ஊர், மழை, ரயில் நிலையம் எல்லாம் வருகின்றன. பிறகு அவளாகவே திரும்பி வந்து, சாத்தியிருக்கிற அவன் அறைக்கு முன்னால் நின்று கேட்கிறாள்: ‘உள்ளே வரலாமா?’

திரை இருண்டது. நான் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“ம்” என்றான்.

அவ்வளவுதான். எழுத்துகள் மேலே ஓட ஆரம்பித்தன.

அது யாருடைய பெயரும் இல்லை. ஆனால் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அந்த ‘ம்’ எனக்குத் தெரியும். நான் தினமும் வாங்கித் தூக்கி எறிகிற ‘ம்’ அது. தொண்டையில் ஆரம்பித்து மூக்கில் முடியும், கடைசியில் ஒரு நூல் அளவு மேலே ஏறும். இந்த உலகத்தில் எனக்கென்று அவர் கொடுத்தது அது ஒன்றுதான். அதையும் விற்றுவிட்டார். அதைக் கேட்டுத்தான் சுருட்டை அழுதிருக்கிறாள்.

மறுபடி போட்டேன். மறுபடியும். நாலைந்து தடவைக்குப் பிறகுதான் அந்த ‘ம்’முக்குப் பின்னால் இன்னொன்று காதில் விழுந்தது. மெல்ல, எலி கத்துவது போல ஒரு கிறீச். ஹெட்போன் இல்லாமல் யாருக்கும் கேட்காது. எனக்கு எதிரே இருந்த அலமாரியைப் பார்த்தேன். எழுந்துபோய் இடது கதவை இழுத்தேன். கிறீச்.

ஒரு சனிக்கிழமை உடம்பு சரியில்லாமல் நான் பாதியிலேயே வீட்டுக்கு வந்தது ஞாபகம் வந்தது. குளிர் தாங்கவில்லை. அலமாரிக் கதவைத் தட்டி, “திறக்கலாமா? கம்பளி எடுக்கணும்” என்றேன். உள்ளேயிருந்து ‘ம்’ என்றார். இதற்கும் ‘ம்’தானா என்று அன்றைக்கு நான் கம்பளியை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு போனேன்.

அவர் பையோடு உள்ளே வந்தபோது நான் ஹெட்போனைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றேன்.

“என்னோட ‘ம்’மை எதுக்கு வித்தீங்க?”

அவர் பையைக் கீழே வைத்தார். மறுத்துப் பேசுகிற சாமர்த்தியம் அவருக்கு எப்போதும் கிடையாது.

“மேடம் எத்தனையோ தடவை சொல்லச் சொன்னாங்க. ஒண்ணும் சரியா வரல. நடிக்கிற மாதிரியே இருக்குன்னாங்க. அப்போ நீ வந்து தட்டினே. நான் பதில் சொன்னேன். மைக் ஓடிட்டு இருந்துச்சு. ‘இதுதான், இதைத் தொடாதீங்க’ன்னுட்டாங்க.”

“என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கத் தோணலையா?”

“ஒரு ‘ம்’தானே...”

“ஒரு ‘ம்’தானேவா? ஊர்ப்பட்ட பொம்பளைங்க அதைக் கேட்டு அழுதுட்டிருக்காளுங்க!” ஹெட்போனைக் கழற்றி அவர் கையில் திணித்தேன். “எனக்குன்னு ஒண்ணு சொல்லுங்க. இப்பவே. எவளும் கேக்காததா.”

அவர் நிஜமாகவே யோசித்தார். உயிர், உலகம், நெருப்பு, நிலா என்று இருக்கிற வார்த்தை எல்லாவற்றையும் கறுப்புக் கோட்டு செலவழித்துவிட்டிருந்தான்.

கேட்டதுதான் கேட்டோம் என்று உள்ளே கிடந்ததையும் கேட்டுவிட்டேன். “பேர் வர்ற இடத்துல எல்லாம் நிறுத்தறீங்களே. அங்க யார் இருக்கா?”

அவர் காது சிவந்தது. “வசனத் தாள்ல பேருக்குப் பதிலா ஒரு கோடு போட்டிருப்பாங்க. நிறுத்தணும். சும்மா நிறுத்தினா மூச்சு சரியா விழல. ‘மனசுக்குள்ள ஒரு பேரைச் சொல்லிக்கோங்க’ன்னு மேடம் சொன்னாங்க.”

“சொன்னீங்களா?”

“ம்.”

“எல்லா இடத்துலயும் ஒரே பேரா?”

“ம்.”

“யார் பேரு?”

அவர் என்னைப் பார்த்தார். அந்தச் சின்ன மூச்சை எடுத்தார். எனக்கு மனப்பாடமாகியிருந்த அதே மூச்சு. இந்தத் தடவை அதற்குப் பிறகு இடைவெளி வரவில்லை. என் பெயரைச் சொன்னார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, முழுசாக, வாய்விட்டு.

மறுநாள் லேபில் சுருட்டை போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். “அக்கா, கவனிச்சீங்களா? அவன் நிறுத்தற இடத்துல எம்பேரு அப்படியே பொருந்துது!”

“பொருந்தும், பொருந்தும்” என்று சொல்லிவிட்டு மெழுகை உருக்கினேன்.

என் பெயர் என்ன என்று நீங்கள் கேட்கலாம். சொல்ல மாட்டேன். சொன்னால் அவர் அதை எப்படிச் சொல்லியிருப்பார் என்று நீங்கள் மனசுக்குள் சொல்லிப் பார்ப்பீர்கள். ஒரு ‘ம்’ போனது போதும்.