பெண்ணம்மாவின் பயறு

2023 பிப்ரவரி 5, ஞாயிற்றுக்கிழமை, கேரளத்தில் பாலா ஊருக்குக் கிழக்கே முண்டக்குன்று மாதா கோவிலில் திருப்பலிக்குப் பின் முதல் விளைச்சல் ஏலம் நடந்தது. பெண்ணம்மா காணிக்கையாகக் கொடுத்த ஒரு கட்டு நீளப் பயற்றங்காயும் அதில் இருந்தது.

முந்தைய ஆண்டும் அவள் பயறுதான் கொடுத்தாள். ஏலம் விடும் ஔதக்குட்டி கட்டைத் தலைக்கு மேல் தூக்கியதும் காயில் சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சிகள் பொலபொலவென்று உதிர்ந்தன. ஒன்று அவருடைய சட்டைக் கைக்குள் புகுந்தது. அவர் அதை அடித்து நசுக்க, நாற்றம் முன்வரிசை வரை பரவியது. அடுத்த வீட்டுத் திரேசியா, "பெண்ணம்மா காயோட கறியும் சேத்துல்ல குடுத்திருக்கா" என்றாள். எங்கள் ஊர் ஏலத்தில் ஒரு பூசணிக்காய்க்கு இரண்டு வீட்டார் வீம்பு பிடித்து ஆட்டுக்குட்டி விலை வரை ஏற்றுவார்கள். பெண்ணம்மாவின் பயறை அன்று யாரோ இரக்கப்பட்டு எடுத்துப்போனார்கள். அடுத்த முறை தன் பயறுக்கு இரண்டு பேராவது போட்டி போட வேண்டும், அவளுக்கு அது போதும். கணவர் குரியனிடம் அதைச் சொல்லிச் சொல்லியே ஒரு வருடம் கழிந்தது.

இந்த ஆண்டு, கடைப் பூச்சிமருந்து அடித்த காய் எதுவும் ஏலத்துக்கு வேண்டாம் என்று பாதிரியார் பிரசங்கத்திலேயே சொல்லிவிட்டார். பெண்ணம்மா வேப்பெண்ணெயும் பூண்டும் சோப்பும் கலந்து தெளித்தாள். புகையிலையை ஊறவைத்துத் தெளித்தாள். பூச்சிகள் இலைக்கு அடியில் சற்று ஒதுங்கியிருந்துவிட்டுத் திரும்பி வந்தன. வயநாட்டில் வாழ்க்கைப்பட்ட தங்கை போனில் வழி சொன்னாள். அதே பூச்சியைப் பிடித்து அரைத்து, அந்தச் சாற்றையே செடிக்குத் தெளிக்க வேண்டுமாம்.

பனியில் பூச்சி பறக்க முடியாமல் கிடக்கும் காலை நேரத்தில் பெண்ணம்மா ஊறுகாய் பாட்டிலோடு பந்தலுக்குள் நுழைவாள். பாட்டிலுக்குள் அவை ஒன்றன் முதுகில் ஒன்று ஏறி, கண்ணாடியில் மஞ்சளாகக் கழிந்துகொண்டிருக்கும். பாட்டில் நிறைந்த அன்று மிக்ஸியில் கொட்டினாள்.

குரியன் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். மரத்தில் உறைந்த ஒட்டுப்பாலின் நாற்றத்துக்கு நடுவே உட்கார்ந்து சோறு தின்று பழகியவர். அவர் சமையலறைக்குள் வந்தபோது ஜாரில் பச்சையும் பழுப்புமாக நுரை நின்றது. கால்களும் இறக்கைகளும் பிளேடில் சுற்றிக் கிடந்தன. அழுகிய கொத்தமல்லியைச் சிக்கெண்ணெயில் போட்டு வதக்கியது போல ஒரு வாடை. பெண்ணம்மா அதைப் பழைய வேட்டித் துணியில் ஊற்றிக் கையால் பிழிந்துகொண்டிருந்தாள்.

"எடி, சம்மந்தித் துவையல் அரைக்கிற ஜாரா இது?"

"அது சின்னது. இது பெருசு. இனிமே இதுக்குத்தான் வச்சுக்கப்போறேன்."

"மூடி?"

"மூடி ரெண்டுக்கும் ஒண்ணுதான் இச்சாயா. கழுவிர்றேன்."

குரியன் பலாமரத்தடிக்குப் போய் வாந்தியெடுத்தார். அதன் பிறகு அவர் வீட்டில் அரைத்த எதையும் தொடவில்லை. மோரும் வறுத்த மீனும் மட்டும் சாப்பிட்டார்.

சாறு வேலை செய்தது. பூச்சிகள் பந்தலை விட்டு ஒழிந்தன. புள்ளியில்லாமல், சுருங்காமல், முழங்கை நீளத்துக்குப் பயறு தொங்கியது. அந்தப் பக்கம் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று பார்த்தார்கள்.

ஏலத்துக்கு முந்தின வியாழக்கிழமை எங்கள் வட்டாரக் குடும்ப ஜெபம் பெண்ணம்மா வீட்டில். ஜெபம் முடிந்ததும் வேகவைத்த மரவள்ளியும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியும் வைத்தாள். நானும் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன். திரேசியா மட்டும் பாதியில் நிறுத்தி, வாயிலிருந்து எதையோ விரலால் இழுத்தாள். மெல்லிய, முட்டி மடங்கிய ஒரு கால். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"என்ன பெண்ணம்மா இது?"

மிளகாய்க் காம்பு என்று அவள் சொல்லியிருக்கலாம். எல்லோரும் நம்பவே விரும்பினோம். பெண்ணம்மா மூடியைக் கொண்டுவந்து, அதன் ரப்பர் வளையத்தைக் கழற்றிப் பார்த்தாள். வளையத்துக்கு அடியில் இன்னும் இருந்தன. பிறகு நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள், தங்கையின் பேரைக்கூட விடவில்லை.

யாரோ வாசலுக்கு ஓடினார்கள். வாழைமரத்தடியில் ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. என் நாக்கில் சம்மந்தியின் காரம் அப்படியே இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, அத்தனை பேர் முன்னால் துப்பவும் முடியவில்லை.

"விஷமா அடிச்சேன் சேச்சி? பூச்சியத்தான அடிச்சேன்" என்றாள் பெண்ணம்மா.

"அத நீயே தின்னு" என்றாள் திரேசியா.

ஞாயிற்றுக்கிழமை ஔதக்குட்டி பயற்றுக் கட்டைத் தூக்கினார், கையில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு. அன்று வந்த காய்களில் அவ்வளவு சுத்தமானது வேறில்லை. அவர் விலை சொன்னார். யாரும் வாய் திறக்கவில்லை. விலையைக் குறைத்தார். முன்வரிசைக்காரர்கள் செருப்பைப் பார்த்தார்கள். பெண்கள் பக்கத்தில் பெண்ணம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். கடைசியில், ஆண்கள் வரிசையின் பின்னாலிருந்து ஒரு கை உயர்ந்தது. குரியனுடைய கை. கூட்டிக் கேட்க ஆளில்லை.

மதியம் பெண்ணம்மா அதைத் தேங்காய் போட்டு வதக்கினாள். குரியன் தட்டில் வாங்கிக்கொண்டார், தொடவில்லை. பெண்ணம்மா ஒரு வாய் வைத்தாள், எழுந்துபோய்த் துப்பிவிட்டு வந்தாள். சட்டியோடு கழனித்தொட்டியில் கொட்டினார்கள்.