ஒரு கோடி மரியாதை

கணபதிப் பகுதியில் ஒரு மோட்டார் பம்புப் பட்டறையில் மாசாணம் பதினெட்டு வருஷமாக லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். முதலாளி கிருபாசங்கருக்கு அவரைவிடப் பன்னிரண்டு வயது குறைவு. ஆனாலும் "மாசாணா, வாடா" என்றுதான் கூப்பிடுவார். அவருடைய அப்பாவும் அப்படித்தான் கூப்பிட்டார். பட்டறையோடு சேர்ந்து அந்த 'டா'வும் மகன் கைக்கு வந்திருந்தது.

தொண்ணூற்று நாலாம் வருஷப் பொங்கல் பம்பர் லாட்டரிக்கு மாசாணம் காந்திபுரத்தில் ஒரு சீட்டு வாங்கினார். குலுக்கல் வரை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பட்டறையில் வேறு பேச்சில்லை.

"விழுந்துதுன்னா இந்தப் பட்டறைய வாங்கிப்போடுவேன். முதலாளியவே மேனேஜரா வெச்சுக்குவேன். அஞ்சு நிமிஷம் லேட்டா வந்தா அரை நாள் சம்பளம் புடிப்பேன்."

"பாவமுங்கண்ணா, புள்ளகுட்டிக்காரரு," என்றான் பக்கத்து லேத்துக்காரன் செங்கோடன்.

மாசாணம் யோசித்தார். "செரி, கால் நாள்."

குலுக்கலில் அவர் எண் கிட்டத்தில்கூட வரவில்லை. சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு லேத்துக்குப் போனவர் கண்ணில் இரும்புப் பிசிறு தெறித்தது. ஆஸ்பத்திரியில் அதை எடுத்து, ஒரு வாரம் கறுப்புக் கண்ணாடி போடச் சொன்னார்கள். பஸ்ஸில் தூசி படுமே என்று மனைவி பொற்கொடி ஆட்டோ வைத்து அழைத்து வந்தாள். மாசாணம் கூலிங் கிளாஸோடு ஆட்டோவிலிருந்து இறங்குவதைத் தெரு பார்த்தது. ஒரு கோடி விழுந்த சீட்டு காந்திபுரத்தில் விற்றது என்று காலையிலேயே ஊருக்குத் தெரியும். அதற்கு மேல் யாருக்கும் சாட்சி தேவைப்படவில்லை.

சாயங்காலம் கிருபாசங்கர் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்தார். அந்தத் தெருவுக்குள் அவர் கால் வைத்ததே அன்றுதான்.

"ஏனுங்க மாசாணம், கண்ணு எப்படி இருக்குதுங்க?"

மாசாணம் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். பொற்கொடி காப்பி கொடுத்தாள். முதலாளி கடைசிச் சொட்டு வரை குடித்து, சர்க்கரை சரியாக இருப்பதாகவும் சொன்னார்.

"எனக்குப் பரிசு எதுவும் விழலீங்க," என்றார் மாசாணம்.

"இப்படித்தான் இருக்கோணுமுங்க. வெளிய மூச்சு உடப்படாது." கிருபாசங்கர் குரலைத் தணித்தார். "பட்டறைக்கு ஒரு பார்ட்னர் பாத்துட்டிருக்கறனுங்க. நம்ம குடும்பத்துல ஒருத்தரா இருந்தாத் தேவலை."

நம்ம குடும்பம் என்பதைக் கேட்டதும் மாசாணத்துக்கு நல்ல கண்ணும் கலங்கிவிட்டது.

அடுத்த நாள் முதலாளியே அவரை ஆபீஸ் அறையில் உட்காரவைத்தார். "ஐயா லேத்துப் பக்கம் போவ வேண்டாமுங்க," என்று பட்டறை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். மாசாணம் தினமும் காலையில் ஒருதரம், "விழலீங்க" என்று உண்மையைச் சொன்னார். சொல்லச் சொல்ல மரியாதை கூடியதே தவிரக் குறையவில்லை. பிறகு ஃபேனடியில் உட்கார்ந்து பேப்பர் படித்தார்.

ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் பரிசு விழுந்தவர் படம் வந்துவிட்டது. வால்பாறை எஸ்டேட் ஒன்றின் சமையல்காரர், கையில் செக்கோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை மாசாணம் யாரும் சொல்லாமலே லேத்துக்குப் போய் நின்றார். கிருபாசங்கர் வந்து எதிரில் நின்றார். பழைய 'டா' தொண்டை வரை வந்தது. அத்தனை பேருக்கு முன்னால் ஐயா என்றாயிற்றே, அதனால் வெளியே வரவில்லை. 'ங்க'வுக்கோ இனி மனசு வரவில்லை.

"கண்ணு செரியாச்சா?"

"ஆச்சுங்க."

"லேத்து ஓட்ட முடியுமா?"

"முடியுமுங்க."

"அப்ப ஓட்டினாச் செரி."

அன்றிலிருந்து முதலாளி பேச்சில் மாசாணம் என்ற ஆளே இல்லை. வேலை ஆச்சா, சாப்பாடு ஆச்சா என்று எல்லாம் தானாகவே ஆகிக்கொண்டிருந்தது. அவசரமானால் செங்கோடனைக் கூப்பிட்டு, மூன்றடி தள்ளி நிற்கும் மாசாணத்துக்குச் சேதி சொல்லி அனுப்பினார்.

"செங்கோடா, நாளைக்கு வெள்ளனே வரச் சொல்லு."

மாசாணம் லேத்தை நிறுத்தினார். கையை நிதானமாகத் துடைத்துக்கொண்டார்.

"கேட்டுதுங்கன்னு சொல்லு செங்கோடா."