பானி யாருங்க?

1

இந்தக் கதை ஒரு கையெழுத்திலிருந்து வந்தது. கையெழுத்து என்னுடையது. படிக்காமல் போட்டேன் என்று எழுதினால் உங்களுக்கு என்மேல் இரக்கம் வரும். படித்துவிட்டுத்தான் போட்டேன்.

நாளை பதினொரு மணிக்கு ஒரு நர்சிங் கல்லூரியில் விசாரணை. என் வாக்குமூலத்தை எழுதிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று நாளாக எழுதுகிறேன். ஒவ்வொரு முறையும் கதையாகிவிடுகிறது.

2

முதல் தொடக்கம்: "கல்வராயன் மலையில் மேகம் இறங்கிய ஒரு காலையில், பூமாலை என்ற மாணவி"

(மேகம் இருந்ததா, தெரியாது. நான் கள்ளக்குறிச்சிக்காரன். மலைக்கு இரண்டு முறைதான் போயிருக்கிறேன், இரண்டு முறையும் அருவி பார்க்க.)

இரண்டாவது தொடக்கம்: "என் மனைவி ஷர்புன்னிசா இறந்த பதினேழாம் நாள்"

இதற்குமேல் வாக்கியம் ஓடவில்லை. ஆனால் இது உண்மை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

கரு குழாயில் தங்கிவிட்டது. காலையில் ஆபரேஷன். மாலையில் அவள் இல்லை. வயது இருபத்தாறு. உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது. 'எதிர்பாராதது' என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். பஸ் நிலையத்துக்கு எதிரே எனக்கு ஜெராக்ஸ் கடை. அந்தத் தாளை நானே எட்டு நகல் எடுத்தேன். எதற்கு எட்டு என்று தெரியவில்லை.

3

பதினேழாம் நாள், பக்கத்துக் கடை ஹயாத் பாஷா போனை நீட்டினார். யாரோ ஒரு மாணவி வைத்த ஸ்டேட்டஸ், கைமாறிக் கைமாறி அவருக்கு வந்திருந்தது. அப்படியே தருகிறேன்:

"அந்த அக்கா மத்தியானம் பூரா பானி பானின்னாங்க. ஆளு பேருன்னு நெனச்சேன். வெளிய வந்து கூப்ட்டேன், யாரும் எந்திரிக்கல. பானின்னா தண்ணியாம், நேத்துதான் தெரிஞ்சுது. ஆபரேஷன் ஆனவங்க ஓயாம தண்ணி கேட்டா உள்ள ரத்தம் போவுதான்னு பாக்கணுமாம், இன்னிக்கு கிளாஸ்ல சொன்னாங்க. மன்னிச்சிடுங்கக்கா."

என் மனைவியின் பெயர் இல்லை. ஆனால் அன்று அந்த வார்டில் உருது பேசியவள் ஒருத்திதான். எங்களுக்கு வீட்டில் உருது, கடையில் தமிழ். மயக்கம் தெளிகிறவளுக்கு வீட்டு மொழிதான் வந்திருக்கிறது.

என் மனைவியின் கடைசிச் சொல் எனக்கு முன்னால் ஊருக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கோபம் பொய்யில்லை. இந்தக் கதையின் எந்தப் படியிலும் அதை அடிக்க மாட்டேன்.

4

மறுநாள் காலை தெய்வசிகாமணி வந்தார். அந்த மாணவி படிக்கிற நர்சிங் கல்லூரியின் நிர்வாக அதிகாரி. அவள்மேல் என் பெயரில் தட்டச்சு செய்த புகார் அவர் கையில் இருந்தது.

(இவரை வில்லனாக்கப் பார்த்தேன். ஒத்துவரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து முதலில் அழுதார். அவர் மகளுக்கும் ஷர்புவின் வயது.)

வார்டில் கேட்டது வார்டோடு நிற்கவேண்டும், அதுதான் இந்தத் தொழில் என்றார். ஸ்டேட்டஸ் வைக்கிற உரிமை எல்லாருக்கும் உண்டு, ஆனால் வெள்ளை உடுப்பில் பார்த்ததை வைக்க உரிமை கிடையாது என்றார். பிறகு சொன்னார்: "நாளைக்கு ஒரு பொம்பள வலியில வாயத் தொறக்கவே யோசிப்பாங்க பாய். வெளிய போய்டுமோன்னு."

எனக்கு அது சரியென்று பட்டது. இப்போதும் படுகிறது. ஜெராக்ஸ் மெஷின் மூடியின்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். நகலும் நானே எடுத்துக் கொடுத்தேன்.

போன வாரம் மறுபடி வந்தார். விஷயம் மாறியிருந்தது. மாணவி வார்டைவிட்டு வெளியே வரவேயில்லை என்று பணியிலிருந்த நர்ஸ் எழுதிக் கொடுத்திருக்கிறார். "வெளிய சொன்னதுக்கு ஆறு மாசம் நிறுத்தி வெப்போம், திரும்பி வந்துடலாம். கூப்ட்டேன்னு சொன்னது பொய்யின்னா வேற. டிசி குடுத்து அனுப்பிடுவாங்க." அன்று நடைபாதையில் இருந்தவன் நான். யாராவது கூப்பிட்டார்களா என்று நான் எழுதித் தரவேண்டும்.

இல்லை என்றேன். என் மனைவி பெயரை யாரும் கூப்பிடவில்லை.

5

மூன்று நாள் முன்பு பூமாலை கடைக்கு வந்தாள். இதற்குமுன் நான் அவளைப் பார்த்ததில்லை. கூட அவள் அப்பா சடையன். வெள்ளிமலைக்கும் மேலே ஊர். கூலி வேலை.

கடையில் ஒரு பெரியவர் ஆதாருக்கு முன்னும் பின்னும் நகல் கேட்டு நின்றார். எடுத்துக்கொண்டே பேசினேன். சடையன் மகளைக் காலில் விழச் சொன்னார். அவள் விழவில்லை.

"தப்புன்னா உழுவேம்பா. பொய் சொல்லலியே."

"வாய மூடு. பாய், புள்ள தெரியாம எழுதிட்ச்சி. எங்க பக்கத்துல நர்ஸுக்குப் படிக்கற மொத புள்ளைங்க."

ஏன் எழுதினாய் என்று கேட்டேன். என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது.

"வார்டுல கேட்டத வெளிய சொல்லக் கூடாதுன்னு புக்குல இருக்குதுங்க. கேட்டது புரியலன்னா யார்கிட்ட கேக்கறதுன்னு இல்லைங்க. சிஸ்டர கேட்டேன், மயக்கத்துல உளர்றாங்க, வேலைய பாருன்னாங்க. அதான் நானே வெளிய வந்தேன். ரெண்டு வாட்டி கூப்ட்டேங்க."

"எப்படிக் கூப்பிட்டாய்?"

அவள் கதவுப் பக்கம் திரும்பி, தெருவைப் பார்த்து, அன்று கூப்பிட்டதுபோலவே கூப்பிட்டாள்.

"பானி யாருங்க? பானிக்கு யாரு வந்துகிறீங்க?"

ஆதார்க்காரர் எங்களை முறைத்தார். "இன்னா பாய், பின்பக்கம் வெள்ளையா வந்துகிது."

6

இந்தப் பகுதியை நாலு முறை கிழித்தேன். சுருக்கமாக எழுதுகிறேன்.

அந்தக் குரல் எனக்குத் தெரியும். அன்று மத்தியானம் இரண்டு மணி இருக்கும். ஆண்கள் வார்டுக்குள் போகக்கூடாது. சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு பாதி திறந்தது, குரல் மட்டும் வந்தது. எல்லாரும் சுற்றிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன், யார் அந்தப் பானியின் ஆள் என்று. பக்கத்திலிருந்தவருக்குக் காது மந்தம். இன்னா பேரு என்று கேட்டார்.

"பானியாம்" என்றேன்.

என் வாயால் சொன்னேன்.

பிறந்ததிலிருந்து அந்தச் சொல்லைச் சொல்லித்தான் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறேன். தமிழில் கூப்பிட்டதால் பெயராகக் கேட்டது. காலடியில் பாட்டில் இருந்தது. முக்கால் பாட்டில் தண்ணீர்.

(தெரிந்திருந்தாலும் உடனே குடிக்கக் கொடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் தண்ணீர் கேட்கிறாள் என்று ஒருவர் சொல்லியிருந்தால், ஒருவர் நாடி பார்த்திருக்கலாம். 'லாம்' என்பதோடு நிறுத்துகிறேன்.)

7

முடிவுகள்.

ஒன்று: போகாமல் இருந்துவிடுவது.

இரண்டு: நினைவில்லை என்பது. மனைவியை இழந்தவனுக்கு மறதி பொருந்தும். யாரும் மறுகேள்வி கேட்கமாட்டார்கள்.

மூன்று: கூப்பிட்டாள் என்பது. அப்போது அடுத்த கேள்வி வரும். கேட்ட நீங்கள் என்ன செய்தீர்கள்? மேஜைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர், இந்தப் பக்கம் அவள், அவள் அப்பா. என் மாமியாரும் வருகிறார். மருமகனுக்குத் துணையாக.

வாக்குமூலம் எழுதிவிட்டேன். கடைசியில் நாலு வரிதான் வந்தது.

"பூமாலை வெளியே வந்து இரண்டு முறை கூப்பிட்டார். எனக்குக் கேட்டது. எனக்குத் தெரிந்த சொல். நான் எழுந்திருக்கவில்லை."

கீழே ஜாபர் என்று கையெழுத்து. இந்தமுறை நகல் எடுக்கவில்லை.

அது வாக்குமூலம். கதை இன்னும் முடியவில்லை. அவளைக் கல்லூரியில் வைத்துக்கொள்வார்களா, மாமியார் என் முகத்தைப் பார்ப்பாரா என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் அது முடிவில்லை. முடிவு அந்த நடைபாதையில் இருக்கிறது. அதை எழுத என்னால் ஆகாது. எத்தனை முறை எழுதினாலும் அதில் நான் உட்கார்ந்தே இருக்கிறேன்.

உங்களிடம் தருகிறேன். மத்தியானம் இரண்டு மணி. சிமெண்ட் பெஞ்ச். காலடியில் பாட்டில். கதவு பாதி திறக்கிறது. ஒரு பெண் கூப்பிடுகிறாள்.

உங்களுக்கு இப்போது அந்தச் சொல் தெரியும். எழுந்திருங்கள்.